மூன்றாம் விதியில் காணாமல்போன கடிகாரம்

பி.இ. படித்தபோது வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி என்று எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: தனிச்சுழி வெப்பநிலையில் குறையில்லாத படிகத்தின் என்ட்ரோபி சுழியம். ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தாச்சு. இருபது வருஷம் கழித்துப் படித்தால் அந்த வரி மேல எனக்கு ஒரு புகார் இருக்கு.

முதலில், நெர்ன்ஸ்ட் 1906இல் சொன்னது அது இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், வெப்பநிலை சுழியை நெருங்க நெருங்க, ஒரு மாற்றத்தில் வரும் என்ட்ரோபி வேறுபாடு மறையும் என்பதுதான் அவர் கருத்து. "என்ட்ரோபியே சுழியம்" என்று ஒரு படி மேலே போனவர் பிளாங்க். 1912இல் நெர்ன்ஸ்ட் இன்னொரு வடிவமும் தந்தார்: எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் தனிச்சுழியை எட்ட முடியாது. இது இரண்டாம் விதியிலிருந்தே வரும் என்று வாதாடினார், ஐன்ஸ்டைன் ஒத்துக்கொள்ளவில்லை.

எட்ட முடியாது என்பது ஏன்? காந்தப்புலத்தால் குளிர்விக்கும் முறையைப் பாருங்க. புலம் இருக்கும்போது ஒரு என்ட்ரோபி வளைகோடு, இல்லாதபோது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மாறி மாறி இறங்குகிறோம். சுழியில் இரண்டு கோடுகளும் ஒன்றுசேர்வதால், படிக்கட்டின் உயரம் குறைந்துகொண்டே போகும். கடைசிப் படி வரவே வராது.

இப்போ "குறையில்லாத" என்ற சொல்லுக்கு வருவோம். சாதாரணப் பனிக்கட்டியை எவ்வளவு குளிர்வித்தாலும் மோலுக்குச் சுமார் 3.4 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி மிஞ்சுகிறது. ஹைட்ரஜன்கள் பல விதமாக அமர முடியும் என்பதே காரணம் என்று 1935இல் பாலிங் கணக்குப் போட்டுக் காட்டினார். உடனே புத்தகம், "அது குறையுள்ள படிகம்" என்று ஒதுக்கிவிடுகிறது. இது டெஸ்ட் ஃபெயில் ஆனா டெஸ்டையே அழிக்கிற வேலை மாதிரிதானே? சுழியம் வராததெல்லாம் குறையுள்ளது என்றால், விதி எப்போதுமே தோற்காது. தோற்கவே முடியாத விதி எதையும் சொல்வதில்லை.

ஆனால் விதியைக் காப்பாற்ற நேர்மையான வழி ஒன்று உண்டு. பனிக்கட்டியில் கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்தால், சுமார் 72 கெல்வினில் அந்த ஹைட்ரஜன்கள் ஒழுங்காக அமரத் தொடங்குகின்றன. அதாவது ஒழுங்கான நிலை நிஜமாகவே இருக்கு. சாதாரணப் பனிக்கட்டிக்கு அங்கே போய்ச் சேர நேரம்தான் போதவில்லை. "குறை" என்பது சாக்கு இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய காரணம். இதைத்தான் சைமன், உள்ளுக்குள் சமநிலையில் இருக்கும் பகுதிகளுக்கே விதி பொருந்தும் என்று திருத்திச் சொன்னார்.

ஆக, அந்த ஒரு வரியில் விடுபட்டது நேரம். 2017இல் மசானெஸ், ஓப்பன்ஹைம் இருவரும் எட்டாமை வடிவத்தை நேரத்தோடு இணைத்து நிறுவினார்கள்: வரம்புள்ள நேரத்தில், வரம்புள்ள வளங்களோடு, இவ்வளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது என்று.

ரெண்டு மார்க் பதிலில் "சமநிலைக்கு வரப் போதிய நேரம் கிடைத்தால்" என்று மட்டும் சேர்த்திருந்தால், அன்றைக்கே ஒரு நல்ல கேள்வி கேட்டிருப்போம்.