பத்து விநாடியில் மனசு தெரியுமா?

நால்வருக்குக் கொஞ்சம் பணம் தருகிறார்கள். பொதுவில் போடுவது இரட்டிப்பாகி நால்வருக்கும் சமமாகப் பிரியும். எல்லோரும் போட்டால் எல்லோருக்கும் லாபம். தான் மட்டும் போடாதவருக்கு அதைவிட லாபம். இந்த விளையாட்டில் பத்து விநாடிக்குள் முடிவெடுக்கச் சொன்னால் மக்கள் தாராளமாகப் போடுகிறார்கள் என்று 2012இல் ‘நேச்சர்’ இதழில் டேவிட் ராண்ட், ஜோஷுவா கிரீன், மார்ட்டின் நோவாக் எழுதினார்கள். யோசிக்காத மனம் கொடுக்கும், யோசித்தால் கணக்குப் பார்க்கும் என்பது அவர்கள் முடிவு.

வாய்ச்சொல்லை நம்பாமல் கைக்காசு எங்கே போகிறது என்று பார்ப்பது இம்முறையின் பெரிய பலம். பழுது கடிகாரத்தில் இருக்கிறது. 2017இல் 21 ஆய்வுக்குழுக்கள் இதைத் திரும்பச் செய்தன. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் தென்படவில்லை. கெடுவைத் தவறவிட்டவர்களை நீக்கிய பிறகுதான் பழைய முடிவு தலைகாட்டியது. தயங்கியவர்களை வெளியே அனுப்பிவிட்டு மிஞ்சியவர்களை வைத்து மனித இயல்பைச் சொல்வது எப்படி நியாயமாகும்?

வேகம் காட்டுவது நல்ல மனதை அல்ல, தயக்கமின்மையை. அகிஹிரோ நிஷியும் ராண்ட் உள்ளிட்ட சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்துழைக்கும் கூட்டத்தில் கொடுப்பவர் விரைந்தார். ஏமாற்றும் கூட்டத்தில் கொடுக்காதவர் விரைந்தார். சுற்றியிருப்பவர் மீதான நம்பிக்கைதான் வேகத்தையே தீர்மானிக்கிறது.

பெரம்பலூர் விவசாயிக்கு இது புதிதல்ல. பாறை பூமி, சின்ன வெங்காயமும் பருத்தியும் கிணற்றை நம்பி நிற்கின்றன. அடுத்த காட்டுக்காரர் போர் போட்டு இறைத்துவிடுவார் என்று நினைப்பவர், கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுகிறார். அந்த அவசரத்தைப் பேராசை என்று எழுதிவிடலாம். எனக்கு அது பயமாகவே படுகிறது. அரியலூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில், மேல்மடைக்காரர் முறையை மதிப்பார் என்ற நம்பிக்கை போனால் கடைமடைக்காரர் வாய்க்கால் வெட்ட வருவாரா?

தமிழ்நாட்டின் 48 பாசனக் கிராமங்களை ஆராய்ந்து பிரணாப் பர்தன் 2000இல் எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது. நீர்ப் பங்கீட்டு விதிகளைப் பெரிய கைகள் வகுத்தன என்று கருதிய ஊர்களில், மற்றவர்கள் விதியை மதிக்கிறார்கள் என்ற எண்ணமும் மக்களிடம் குறைவாக இருந்தது. நிலம் ஏற்றத்தாழ்வாக இருந்த இடங்களில் ஒத்துழைப்பும் குறைவு.

நம்பிக்கையை அளப்பதிலும் சிக்கல் உண்டு. கொடுக்க மனமில்லாதவர், ‘மற்றவன் கொடுக்கமாட்டான்’ என்று சாக்குச் சொல்லலாம். ஆகவே கொடுக்கும் முன்பே மற்றவர்களைப் பற்றிய கணிப்பைக் கேட்டு, சரியாகக் கணித்தவருக்குக் காசும் தர வேண்டும். எங்கள் மாவட்டங்களுக்கு இந்தச் சோதனையோடு வரும் ஆய்வாளர்களே, மற்ற மூவரும் எவ்வளவு போடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கடிகாரத்தைப் பிறகு எடுக்கலாம்.