பூவில் வேலை செய்யும் அந்து

காப்பார் வட்டாரச் செம்பனைத் தோட்டக்காரர்களுக்கு அந்துப்பூச்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது உலாட் புங்குஸ்தான். ஓலைத் துணுக்குகளால் பை கட்டி, அதற்குள் இருந்துகொண்டே மட்டையைக் காயவைத்துவிடும் புழு. அதன் பெண் அந்துக்கு இறக்கையே முளைப்பதில்லை. இந்தப் புழுவை ஒழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கவேண்டும் என்றே தோட்டச் சாலையோரங்களில் டர்னெரா செடி நடுகிறார்கள். அந்துவுக்குப் பகை என்ற பெயர் நிலைத்துவிட்டதால், அதே ஓரத்தில் வெட்டுக்காயப்பூண்டுப் பூக்களில் பகல்வேளையில் தேன் குடிக்கும் சிறிய அந்துக்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அவற்றைப் பார்க்கவைப்பது மேக்ரோ படக்கலை.

ஸ்போலாடியா ரெகர்வாலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கீரைப் பாத்தியில் இலையை மடக்கி நூல் கட்டித் தின்கிற பச்சைப் புழு வளர்ந்து ஆவது இதுதான். இறக்கை விரிந்தால் 2 சென்டிமீட்டர் சொச்சம். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடு போட்ட பழுப்புத் துணுக்கு. ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்த நல்ல படத்தில் அந்தப் பழுப்பு ஒரே நிறமாக நிற்பதில்லை. ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய செதில்கள் தெரிகின்றன. சாய்ந்த ஒளி பட்ட இடம் செம்பாக மின்னுகிறது, நிழல் விழுந்த இடம் காப்பிக்கொட்டையாகக் கறுக்கிறது. நம் ஊர் உச்சிவெயில் இந்த நயத்தை வெளுத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஃபிளாஷுக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து ஒளியைப் பரப்புகிறார்கள்.

அமாட்டா ஹியூப்னெரியின் அழகு வேறு வகை. வயிற்றில் மஞ்சள் வளையங்களோடு குளவி வேடம் போட்டுப் பகலில் திரியும் கறுப்பு அந்து இது. இறக்கையில் செதில் இல்லாத இடங்கள் கண்ணாடி ஜன்னல்களாக இருக்கும். தேர்ந்த கை, பின்னால் இருக்கும் இலையின் பச்சை அந்த ஜன்னல்கள் வழியே தெரியும்படி கோணம் பார்க்கும்.

ஆனாலும் நான் முதலில் பார்ப்பது நிறத்தையல்ல, உறிஞ்சுகுழலை. ஹென்றி பார்லோ 1982-இல் கோலாலம்பூரில் வெளியிட்ட தென்கிழக்காசிய அந்துக்கள் பற்றிய நூல் போன்றவற்றில் இறக்கை விரித்துப் பதப்படுத்திய பூச்சிகளைக் காணலாம். இனம் பிரித்தறிய அவை வேண்டும். ஆனால் அந்து எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பூவில்தான் பார்க்கமுடியும். வெட்டுக்காயப்பூண்டின் ஒரு பூ என்பது பல சிறு மஞ்சள் பூக்களின் கூட்டம். சுருண்டிருந்த குழல் நீண்டு, ஒவ்வொன்றாகத் துழாவிச் செல்கிறது. கண், குழல், பூவின் வாய் மூன்றும் ஒரே தளத்தில் கூர்மையாக விழவேண்டும். லென்ஸின் துளையை எஃப் 11-இல் வைத்தாலும் கூர்மை கிடைக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். காற்றில் தண்டு அசைந்தாலே போயிற்று. உறங்கும் பூச்சியைப் பல படங்களாக எடுத்து ஒன்றாக அடுக்கலாம். தேன் குடிக்கும் பூச்சியிடம் அது எளிதில் நடக்காது. ஒரே சொடுக்கில் மூன்றையும் பிடித்தவரின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

பூச்சியைக் குளிரூட்டி மயக்கிப் பூவில் உட்காரவைத்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் படத்தில் செதில் இருக்கும், நிறம் இருக்கும். ஆனால் மயங்கிய அந்து குழலை நீட்டிப் பூவைத் துழாவாது. பசியோடு வந்து வேலை செய்யும் உயிரைக் காட்டாத படத்தை, எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நல்ல அந்துப் படம் என்று நான் சொல்லமாட்டேன்.