பூனை (ரெட் டுவார்ஃப்)

பூனை, ‘ரெட் டுவார்ஃப்’ என்னும் பிரித்தானிய அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடரின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒன்று. ராப் கிராண்ட், டக் நெய்லர் ஆகிய இருவரும் உருவாக்கிய இத்தொடர் 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2 அலைவரிசையில் தொடங்கியது. பூனையாக நடித்தவர் டேனி ஜான்-ஜூல்ஸ். நடனத்தில் தேர்ந்தவர் என்பது அவருடைய நடையிலேயே தெரியும். பாத்திரத்துக்குத் தனிப்பெயர் கிடையாது. தமிழில் எழுதும்போது ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா என்ற திணைச் சிக்கலும் உண்டு. பேசுகிறது, கண்ணாடி பார்க்கிறது, உடைக்கேற்ற காலணி தேடுகிறது. ஆகவே ‘அவன்’ என்பதே பொருத்தம்.

லிஸ்டர் என்னும் கடைநிலை ஊழியன் விண்கலத்துக்குள் ஒரு பெண்பூனையை ஒளித்துக் கொண்டுவருகிறான். அதை ஒப்படைக்க மறுத்ததற்குத் தண்டனையாகக் காலம் உறைந்த அறையில் அடைக்கப்படுகிறான். அப்போது கதிரியக்கக் கசிவால் மற்றவர்கள் இறந்துபோகிறார்கள். அவன் வெளியே வரும்போது 30 லட்சம் ஆண்டுகள் கடந்திருக்கின்றன. சரக்கு அறையில் தப்பிய அந்தச் சூல்பூனையின் வழிவந்த இனம் இரண்டு காலில் நடக்கும் இனமாகிவிட்டது. அதில் கலத்தில் எஞ்சிய இளைஞன்தான் இவன். கண்ணில் பட்டதையெல்லாம் வாசனைத் தெளிப்பால் தனதாக்கிக்கொண்டு போகிறான். வளர்ந்தது உடல், குணம் பழைய பூனைதான்.

பலர் இவனைச் சட்டை மாற்றிச் சிரிப்பூட்டும் துணைப்பாத்திரமாகவே பார்க்கிறார்கள். அது குறைவான மதிப்பீடு. இவனுடைய தற்பெருமை அலங்காரம் அல்ல, அவனைத் தாங்கும் தூண். இதைத் தொடரே இருமுறை சோதித்துக் காட்டியது. ‘பாலிமார்ஃப்’ (1989) கதையில் உணர்ச்சிகளை உறிஞ்சும் உயிரி ஒன்று லிஸ்டரிடம் அச்சத்தையும், ரிம்மரிடம் கோபத்தையும், கிரைட்டனிடம் குற்றவுணர்வையும் எடுத்துக்கொள்கிறது. பூனையிடம் எடுப்பது தற்பெருமையை. மறுகணமே அவன் அழுக்கு உடையில் திரியும் குடிகாரனாகிவிடுகிறான். ‘பேக் டு ரியாலிட்டி’ (1992) கதையில் மாயத்தோற்றத்தில் சிக்கும் நால்வரும் தங்கள் வாழ்க்கையே பொய் என்று நம்பித் தற்கொலையின் விளிம்புக்குப் போகிறார்கள். பூனைக்கு வாய்த்த நரகம், துருத்திய பல்லும் அழகற்ற உடையுமாக நிற்கும் டுவேன் டிப்ளி என்னும் ஆள். பார்வையாளர் வயிறு வலிக்கச் சிரிக்கும் அந்த இடத்தில் அவனுக்கு உண்மையிலேயே எல்லாம் போய்விட்டது.

இவற்றைவிடக் கூர்மையானது ‘கமீல்’ (1991) கதையில் வரும் ஒரு சிறு காட்சி. பார்ப்பவர் மிக விரும்பும் வடிவில் தோன்றும் உயிரி, பூனைக்கு அவனாகவே தோன்றுகிறது. நல்ல நகைச்சுவை. ஆனால் தன் இனத்துத் துணை எவரும் இல்லாதவன் வேறு யாரை விரும்ப முடியும்?

குறையும் இங்கேதான். ‘வெயிட்டிங் ஃபார் காட்’ (1988) பூனை இனத்தின் வரலாற்றைச் சொல்கிறது. லிஸ்டரையே கடவுளாக்கி, அவன் திறக்க நினைத்த தின்பண்டக் கடையின் தொப்பி சிவப்பா நீலமா என்று தங்களுக்குள் போரிட்டது அந்த இனம். லிஸ்டர் எண்ணியிருந்ததோ பச்சை! மதவெறி பற்றிய இவ்வளவு எளிய, கடுமையான அங்கதம் தொலைக்காட்சி நகைச்சுவையில் அரிது. நம்பிக்கை இழந்த குருட்டுப் பூசாரியிடம் லிஸ்டர் கடவுளாக நடித்து அவரை நிம்மதியாகச் சாகவிடுகிறான். ஆனால் அந்தக் கதையின் துயரம் முழுவதும் லிஸ்டருக்கும் பூசாரிக்கும் போய்விட்டது. உறவு என்று எஞ்சிய கடைசி உயிர் போன பிறகு பூனை என்ன ஆனான் என்று தொடர் கேட்கவே இல்லை.

பிற்காலப் பருவங்களில் அவன் மோப்பத்தால் ஆபத்தை உணரும் கலமோட்டி ஆனான். கதைக்கு அது வசதி; பாத்திரத்துக்கு ஆதாயம் குறைவு. 2020இல் வந்த ‘தி பிராமிஸ்டு லேண்ட்’ திரைப்படம் பூனை இனத்தாரை மீண்டும் கொண்டுவந்தபோது பழைய கடனைத் தீர்க்க வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அதில் மனத்தில் நிற்பது லிஸ்டர், ரிம்மரிடம் நிலவொளியைப் பற்றிப் பேசும் காட்சிதான்.

எழுத்து கைவிட்ட இடங்களில் பாத்திரத்தைக் காப்பாற்றியவர் நடிகர். ஜான்-ஜூல்ஸ் ஓரிடத்தில்கூட இரக்கம் கேட்பதில்லை. கதவு திறந்ததும் ஒரு சுழற்சி, காலரில் ஒரு தட்டல், பிறகு சோற்றைத் தேடிப் போய்விடுகிறான்.