759 விடைகளும் ஒரு கேள்வியும்

இளையோர் விசுவாசத்தில் நிலைத்திருக்கவேண்டுமானால் சிறுவயதிலேயே அவர்களுக்குச் சரியான விடைகளை ஊட்டிவிடவேண்டும் என்பது திருச்சபைகளின் நெடுநாளைய எண்ணம். இதனை ஒரு தேசம் முழுவதிலும், சட்டத்தின் துணையோடு, தலைமுறை தலைமுறையாகச் செய்துபார்த்த நாடுகளுள் நோர்வேயும் ஒன்று. அகதிகளாக வந்து இங்கு பிள்ளை வளர்க்கும் நாம் அந்த அனுபவத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

1736இல் டென்மார்க்-நோர்வே முடியாட்சி திடப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. திடப்படாதவர் திருமணம் செய்யமுடியாது. மறுவருடமே லூதரின் சிறிய ஞானோபதேசத்துக்கு எரிக் பொன்டொப்பிடான் எழுதிய விளக்கநூல் வெளிவந்தது. அதில் 759 வினாக்கள், 759 விடைகள். பண்ணைப் பிள்ளைகள் கோயில் தரையில் வரிசையாக நின்று, சபையார் பார்த்திருக்க, குருவானவர் கேட்பதற்கு விடை ஒப்புவித்தார்கள். இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. இந்தத் தயாரிப்புக்காகவே 1739இல் பள்ளிச் சட்டம் வந்தது; ஏழைப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றார்கள்.

ஆனால் வாசிக்கக் கற்றவன் யோசிக்கவும் தொடங்குவான். 1771இல் பிறந்த ஹன்ஸ் நீல்சன் ஹவுகே என்ற விவசாயி மகன் இத்தகைய பக்திநூல்களைப் படித்தே வளர்ந்தவன். படித்ததை முழுமனதோடு நம்பி ஊர் ஊராகச் சென்று போதித்தான். குருவானவரின் மேற்பார்வையின்றிக் கூட்டம் நடத்துவதை 1741ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தது. 1804இல் கைதான அவன் பல வருடங்கள் சிறையில் கிடந்தான். அச்சட்டம் 1842இல்தான் நீங்கியது. ஒப்புவிக்கத் தெரிந்த பிரசையே அரச திருச்சபைக்குப் போதுமானவனாக இருந்தான். உண்மையில் விசுவசித்தவன் அதற்குத் தொல்லையானான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டாயம் நீங்கியது. 1951இல் ஒஸ்லோவில் கோயிலைச் சாராத குடிமைத் திடப்படுத்தலும் தொடங்கியது. சடங்கு மட்டும் அழியவில்லை. பதினைந்து வயதில் தேசிய உடை, விருந்து, அன்பளிப்புப் பணம். தொழிற்சாலையில் என்னோடு நிற்கும் ஒருவருக்குத் தன் திடப்படுத்தலில் கிடைத்த கைக்கடிகாரம் நினைவிருக்கிறது. படித்தவற்றுள் ஒன்றும் நினைவில்லை. அதே பதினைந்து வயதில்தான் ஒரு மதசபையில் சேரவும் விலகவும் நோர்வேச் சட்டம் பிள்ளைக்கு உரிமை தருகிறது.

திருச்சபை இதனைக் கவனியாமல் இல்லை. முன்னர் இளையோரிடம் வாக்குறுதி வாங்கியது. இன்று அவர்களுக்காக மன்றாடுகிறது. இது நல்ல மாற்றம். 2003இல் பாராளுமன்றம் விசுவாசக் கல்விச் சீர்திருத்தத்தை ஏற்றது. பிறப்பிலிருந்து பதினெட்டு வயதுவரை 315 மணித்தியாலங்கள் என்பது திட்டம். மணித்தியாலத்தைக் கூட்டலாம், முகாம்களும் நடத்தலாம். அங்கே கேள்வி கேட்பவர் யார் என்பதே என் கேள்வி.

இதை வாசித்து, கிறிஸ்தவர்களின் சங்கடம்தானே என்று நம்மவர் பலர் திருப்திப்படக்கூடும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷனரிகளை எதிர்க்க அவர்களது ஆயுதத்தையே எடுத்தார். அவரது ‘சைவ வினாவிடை’ அந்த வடிவத்தில் அமைந்ததே. பின்னர் நம் இயக்கங்களின் அரசியல் வகுப்புகளும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டன: கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது. வேறு கேள்வி கேட்ட இளைஞர்களுக்கு நேர்ந்ததை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த நம் தமிழ்ச் சபைகளும் ஞாயிறு வகுப்புகளும் இப்போது செய்வதென்ன? பிள்ளை பள்ளியில் விவாதிக்கப் பழகுகிறது. கோயிலில் வாய்பொத்தி நிற்கப் பணிக்கப்படுகிறது. அதுவும் அரைகுறையாய் விளங்கும் தமிழில். கடவுள் ஏன் யுத்தத்தை நிறுத்தவில்லை என்று கேட்கும் பிள்ளைக்கு மனனவசனம் பதிலாகாது. யோபு கடவுளோடு வழக்காடியதும், சிலுவையில் தொங்கியபடி இயேசு ‘ஏன்’ என்று கேட்டதும் அந்த வேதத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தாண்டி ஓடாமல் அங்கே பிள்ளைகளோடு உட்காரக்கூடிய பெரியவர்கள் வேண்டும். தான் எதை நம்புகிறேன், எங்கே தடுமாறுகிறேன் என்று சொல்லத் துணிந்த ஒருவர், ஒரு புத்தகம் நிறைந்த விடைகளைவிடப் பயனுள்ளவர்.

அப்படிச் செய்தாலும் சிலர் விலகிப் போவார்கள். அந்த உரிமையையும் சேர்த்துக் கொடுக்கத் தயாரா என்பதைச் சபைகள் முதலில் தீர்மானிக்கட்டும். மாற்றுக்கருத்துள்ளோர் எழுதவேண்டும்.