திருப்பிக் கொடுத்தல்: ஒரு சொல்லைக் குறித்த ஆய்வு

ஈகையைக் குறிக்க நம் நாட்களில் ஒரு புதுவழக்கு தோன்றியுள்ளது. பள்ளியின் நூற்றாண்டு விழாவில் கட்டட நிதிக்குப் பணம் அளிக்கும் பழைய மாணவர், "பெற்றதைத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்கிறார். ஊர்ப் பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி கட்டித் தரும் தொழிற்சாலையும் அதே சொல்லைக் கல்வெட்டில் பொறிக்கிறது. அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களிலும் இச்சொல் இடம்பெற்றுவிட்டது. தருமம் செய்தேன் என்று சொல்லக் கூசுகிறவர்களுக்கு இது ஏற்ற சொல்லாய் அமைந்திருக்கிறது. திருச்சபை இதை ஆராயாமல் ஏற்கலாமா என்பதே நம் கேள்வி.

முதலில் இச்சொல்லின் சிறப்பை ஒப்புக்கொள்ளுவோம். தருமம் என்ற சொல் கொடுப்பவனை மேட்டிலும் வாங்குகிறவனைப் பள்ளத்திலும் நிறுத்தும். திருப்பிக் கொடுத்தல் என்னும்போதோ, கொடுப்பவனும் ஒருகாலத்தில் கை நீட்டிப் பெற்றவனே என்ற உண்மை வெளிப்படுகிறது. ஆலயத்திற்காகப் பொன்னும் வெள்ளியும் சேர்த்த தாவீது, ஆண்டவருடைய கையிலிருந்து வாங்கியதையே ஆண்டவருக்குக் கொடுத்ததாக ஜெபித்ததை முதலாம் நாளாகமத்தின் இறுதி அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே இச்சொல்லின் தாழ்மைக்குத் திருமறையில் ஆதாரம் உண்டு.

எனினும் தாழ்மை மட்டும் போதாது. திருப்பிக் கொடுத்தல் என்பது கடனைக் குறிக்கும் சொல். கடன் என்றால் கடன் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். தொகையும் இருக்க வேண்டும். "சமுதாயத்திற்கு" என்று பொதுப்படச் சொல்லும்போது அவ்விரண்டும் மறைந்துபோகின்றன. எவருக்கு, எவ்வளவு, எப்பொழுது என்பவற்றைக் கடன்பட்டவனே தீர்மானிக்கிறான். அத்தகைய கடனை எவரும் வந்து கேட்கவும் முடியாது.

சகேயுவின் வரலாறு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் அவன் இரண்டு காரியங்களைச் சொல்லுகிறான். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று. அநியாயமாய் எவரிடத்தில் வாங்கினானோ அவருக்கே நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவது மற்றொன்று. முன்னது ஈகை, பின்னது மீட்பளிப்பு. பாதி ஆஸ்தியைத் தானம் செய்ததால் வஞ்சிக்கப்பட்டவர்களின் கணக்கு தீர்ந்துவிட்டதாக அவன் எண்ணவில்லை. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதே இன்றைய வழக்கின் குறை.

இக்குறையின் விளைவை அறிய நாம் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டமே அதற்குச் சாட்சி. இம்மாவட்டத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர், 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைபற்றி ஓர் அறிக்கை எழுதினார். தலைமுறை தலைமுறையாய் நிலத்தை உழுதவர்களுக்கு உழுநிலம் இல்லை. குடியிருந்த மனையும் மிராசுதாரர்களின் தயவில் இருந்தது. தரிசு நிலத்திற்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரர்களுக்கே முன்னுரிமை. ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் மிஷனெரியாகச் செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஆடம் ஆண்ட்ரூ, இம்மக்கள் நிலம் பெற உழைத்தவர்களில் ஒருவர். அரசு அவ்வறிக்கையின் ஆலோசனைகள் அனைத்தையும் ஏற்கவில்லை. எனினும் 1892 செப்டம்பர் 30இல் பிறந்த 1010ஆம் எண் ஆணையே, பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர்பெற்ற ஒதுக்கீட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அந்நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்குக் கைமாற்றலாகாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே மாற்றலாம் என்ற நிபந்தனை இருந்தும், பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. ஏட்டில் அது அரசு அளித்த கொடை. உழுதவர்களின் பார்வையிலோ அது தங்களுக்குச் சேரவேண்டியதில் ஒரு சிறுபகுதி. கொடையென்று கொண்டால், இழந்தவனுக்காக நாம் இரக்கப்படுவதோடு காரியம் முடிந்துவிடும். உரிமையென்று கொண்டால் அவன் கேட்பான். நாம் பதில் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்துக் காரணைக் கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். தருமம் கேட்பவனுக்குச் சில்லறை கிடைக்கும். தன்னுடையதைத் திரும்பக் கேட்பவனுக்குக் கிடைத்தது இது.

மாமல்லபுரக் கடற்கரை வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மீனவக் குப்பங்களை அழித்தபின், எங்கிருந்தெல்லாமோ உதவி வந்தது. அதில் அன்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2005 மார்ச்சு 30இல் தமிழக அரசு பிறப்பித்த 172ஆம் எண் ஆணையின்படி, அலைவாய்க் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் அப்பால் புதுவீடு பெற்றால் பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும். போக மறுப்பவர்கள் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் உதவி கிடையாது. பாதுகாப்பே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்காரணத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் கடலையும் படகையும் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டிய தொழிலாளிக்கு அம்மனை என்ன மதிப்புடையது என்பதை வீடு கட்டிக் கொடுத்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதைத் திருப்பிக் கொடுத்தல் என்று எப்படி அழைப்பது?

இதனால் ஈகையே வேண்டாம் என்கிறோமோ? அல்ல. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் இயங்கிய தொழுநோய் இல்லத்தை நினைவுகூருவோம். மருத்துவர் இராபர்ட் காக்ரேன் அங்கே பணிபுரிந்தார். 1955இல் அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. ஊரார் விலக்கிய நோயாளியின் புண்ணைக் கட்டிய கை, அவனிடம் எதையும் பறித்த கை அல்ல. அது ஈகை, அதற்குக் கடனென்ற போர்வை வேண்டாம்.

தமிழில் இவ்விரண்டையும் இணைக்கும் சொல் ஒன்று உண்டு. திருக்குறளில் ஈகை என்னும் 23ஆம் அதிகாரத்திற்கு முன் நிற்பது ஒப்புரவறிதல். வள்ளுவர் அதை உலகத்தோடு ஒத்து வாழும் கடமையாக எண்ணினார். நம் வேத மொழிபெயர்ப்பாளர்களோ பகை நீங்கி இணைவதைக் குறிக்க அதே சொல்லை எடுத்தாண்டனர். எபிரெயரின் செதாக்கா என்னும் சொல்லும் நீதி என்று தொடங்கிப் பிற்கால யூத வழக்கில் தானத்தையும் குறித்தது. கொடையை நீதியிலிருந்து பிரிக்கலாகாது என்பதை இரு மொழிகளும் அறிந்திருந்தன.

திருச்சபைக்கும் நிலங்கள் உண்டு, நிறுவனங்கள் உண்டு, நன்கொடைப் பட்டியல்களும் உண்டு. அப்பட்டியல்களில் எது ஈகை, எது கடன் என்று நாம் இதுவரை பிரித்து எழுதியதில்லை. பிரித்து எழுதினால் ஈகைப் பக்கம் சுருங்கக் கூடும். கடன் பக்கத்தில் பெயர்கள் தோன்றும். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காணிக்கையைத் தடுக்கவில்லை. குறையுள்ள சகோதரன் ஒருவன் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார். நம் காணிக்கைகளும் சற்றே காத்திருக்கட்டும்.