அடேலாவின் மரணமும் சீதனக் கணக்கும்: 'ஒரு பாலை வீடு' குறித்து

பெதெரிக்கோ கார்சியா லோர்க்கா 'பெர்னார்தா அல்பாவின் வீடு' என்னும் நாடகத்தை 1936 யூனில் எழுதி முடித்தார். இரண்டு மாதங்களுள் பிராங்கோவின் கலகத்தை ஆதரித்தோர் கிரனாடாவுக்கு அருகே அவரைக் கொன்றனர். நாடகம் 1945இலேயே புவனஸ் அயர்சில் அரங்கேறியது. ஈழத்தில் 1970களின் இறுதியில் க. பாலேந்திராவின் நெறியாள்கையில் அது 'ஒரு பாலை வீடு' ஆயிற்று. இறுதியில் இருபது வயதான கடைசி மகள் அடேலா தூக்கிட்டு இறக்கிறாள். அதற்குப் பொறுப்பாளி யார் என்ற வினா நம் வாசகரிடையே இன்றும் எழுகின்றது.

கணவன் இறந்ததும் எட்டாண்டுத் துக்கம் விதித்து ஐந்து பெண்களையும் வீட்டினுள் அடைப்பவள் பெர்னார்தா. துப்பாக்கி எடுத்துச் சுடுபவளும் அவளே. ஆகவே அவளே கொலையாளி என்பது எளிதிற் கிடைக்கும் விடை. வேறு சிலர் மார்த்திரியோவைச் சுட்டுவர். குறி தவறியதை அறிந்தும், பெப்பேயின் கதை முடிந்தது என்ற பொருள்படப் பேசி அடேலாவை அறைக்குள் ஓடவைத்தவள் அவளல்லவா? இரண்டும் பிழையான விடைகளல்ல. எனினும் இவை கடைசிக் கால்மணி நேரத்தை மட்டுமே நோக்குகின்றன.

அங்குஸ்தியாசுக்கு வயது முப்பத்தொன்பது, பெப்பேக்கு இருபத்தைந்து. முதற் கணவனுக்குப் பிறந்தவளாதலின் தந்தைவழிச் சொத்து அவளுக்கு மட்டுமே உண்டு. ஏனைய நால்வருக்கும் கிடைப்பது சொற்பம். பெப்பே பணத்துக்காகவே வருகிறான் என்பதைச் சகோதரியான மக்தலேனா முதலாம் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். மூத்தவளிடம் சாளரத்தடியிற் பேச்சு, பின்னர் இளையவளிடம் கொல்லைப்புறத்து உறவு என அவன் தன் இரவைப் பங்கிடுவது வெறும் காமத்தின் விளைவன்று. சொத்து ஒருத்தியிடமும் இளமை மற்றொருத்தியிடமும் பிரிந்து கிடப்பதன் விளைவு அது. இதனை முக்கோணக் காதல் என விளக்குவோர் நாடகத்தின் அச்சாணியையே கழற்றிவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை சீதனத்தை முதுசம், தேடிய தேட்டம் ஆகியவற்றினின்றும் பிரித்து வகுத்தது. சீதனம் பெற்றுச் சென்ற பெண் பெற்றோரின் எஞ்சிய உடைமையிற் பங்கு கோருதல் இயலாது. மணமானபின் தன் காணியையும் கணவனின் இசைவின்றிக் கைமாற்றவியலாது. பெண்ணின் பெயரில் உறுதி எழுதப்பட்டும் அவள் உடைமையின் எசமானியாகாத இந்நிலைக்கும் அங்குஸ்தியாசின் நிலைக்கும் நெருங்கிய உறவுண்டு.

வேலைக்காரி பொன்சியாவின் ஆலோசனை ஈண்டுக் கூர்ந்து நோக்கற்பாலது. பொறுத்திரு என்கிறாள் அடேலாவிடம்: நோயாளியான மூத்தவள் முதற் பிரசவத்தைத் தாங்கமாட்டாள், அதன்பின் பெப்பே உன்னையே மணப்பான். மூத்தாள் இறந்தால் இளையாளை மணமுடிக்கும் வழக்கம் நம்மூரிலும் இருந்ததே! நாடகத்தில் இதனினும் இரக்கமற்ற பேச்சு வேறில்லை. பேசுபவளோ அவ்வீட்டில் அடேலாவுக்கு நல்லது நினைக்கும் ஒரே ஆள். பெர்னார்தாவையும் அவள் எச்சரிக்கிறாள், செவிசாய்க்கப்படாதபோது ஒதுங்கிவிடுகிறாள். கூலிக்கு உழைப்பவளுக்கு அதற்குமேல் அங்கே இடமில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலருக்கு ஒன்று கூறவேண்டும். 'சமூகமே குற்றவாளி' என்று எழுதி முடிப்பது மார்க்சிய விமர்சனமாகாது. மார்த்திரியோவை விரும்பிய என்ரிக்கே ஊமானேசைத் தடுத்தவள் பெர்னார்தா; அவனுடைய தந்தை பண்ணைக் கூலியாள் என்பதே காரணம். அத்தடையை எந்தச் சட்டமும் அவள்மீது சுமத்தவில்லை. வர்க்கச் செருக்கே செய்வித்தது. மணமாகாது பெற்ற சிசுவைக் கொன்ற பெண்ணை ஊரார் இழுத்துவருகையில், அவளைக் கொல்லுமாறு கூவுபவளும் பெர்னார்தாவே. அமைப்பு தானாக இயங்குவதில்லை. பூட்டுவதற்கு ஒரு கை வேண்டும். அடேலாவுக்கு எதிரான மார்த்திரியோவின் பொய்யும் அன்று மறுக்கப்பட்ட மணத்தில் வேர்கொண்டது. அதனால் அது பொய்யல்லாது போய்விடவில்லை.

பெர்னார்தாவை அரக்கியாக நடிப்பிக்கும் தயாரிப்பு இத்தனையையும் மறைத்துவிடும். அவளது இறுதிக் கட்டளையைப் பாருங்கள்: அடேலா கன்னியாகவே இறந்தாள் என அறிவிக்கவேண்டும், கன்னிக்குரிய உடை அணிவிக்கவேண்டும், அழுகை வெளியே கேட்கலாகாது. மகளை இழந்த தாய் அக்கணத்திலும் எஞ்சிய நால்வரின் மணச்சந்தையைக் காக்கின்றாள். பெப்பேயோ மேடையில் ஒருமுறையேனும் தோன்றாமலே குதிரையேறித் தப்பிவிட்டான்.