பொய்க்கும் ஒரு கணக்கு உண்டு

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த ராஜம் ஐயர், மணிக்கொடிக் காலத்து பி.எஸ்.ராமையா, 'எழுத்து' நடத்திய சி.சு.செல்லப்பா மூவரும் அந்த ஊர் மண்ணோடு சேர்ந்தவர்கள். கண்ணால் கண்டதை எழுதுவதுதான் இலக்கியம் என்று ஊறிப்போன பக்கம் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு இயந்திர நாயையும் காலம் தாண்டி வரும் வியாபாரிகளையும் சிலாகித்துப் பேசினால் இலக்கியக் கூட்டத்தில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். "அதெல்லாம் பள்ளிக்கூடத்து வயசோட முடிஞ்சுபோற சமாச்சாரம் இல்லையா சார்?" என்று தேநீர் இடைவேளையில் பக்குவமாகக் கேட்பார்கள்.

நான் 'வாடிவாசலை'யே துணைக்குக் கூப்பிடுவேன். ஒரு பிற்பகலில் நடந்து முடிந்துவிடும் சல்லிக்கட்டுக் கதை. ஆனால் காரிக் காளை எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் கொம்பைச் சாய்க்கிறது, திமிலில் எந்தக் கணத்தில் கை விழ வேண்டும் என்பதெல்லாம் செல்லப்பாவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சல்லிக்கட்டே பார்க்காதவனும் அதைப் படித்தால் மண் குத்தும் சத்தத்தைக் கேட்பான். இல்லாத உலகத்தை எழுதுகிறவனுக்கு இந்தக் கண் இன்னும் அதிகமாகத் தேவை. காளையையாவது வாசகன் எங்கேயோ பார்த்திருப்பான். இயந்திர நாயை யார் பார்த்தது?

நல்ல மாயக்கதையையும் நல்ல அறிவியல் கதையையும் நான் சோதித்துப் பார்க்கும் முறை எங்கள் ஊரான திண்டுக்கல்லின் முறைதான். நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் லீவர் பூட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே தகடுகள் அடுக்காக இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று வைத்த உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் அசையாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. கற்பனைக் கதையும் அப்படித்தான். ஆசிரியர் முதல் அத்தியாயத்தில் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லட்டும், ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பொய்க்கென்று அவரே வைத்த சட்டம் கடைசி அத்தியாயம் வரை நிற்க வேண்டும். முடிச்சு இறுகிய நேரத்தில் புதிதாக ஒரு மந்திரமோ ஒரு கருவியோ வந்து காப்பாற்றினால் அது கள்ளச்சாவி.

சமீபத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டையும் அடுத்தடுத்து மறுபடி வாசித்தேன். 80களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது கதை நடக்கும் 2021ஆம் ஆண்டு வெகு தூரத்தில் இருந்தது. இப்போது அது நமக்குப் பின்னால் போய்விட்டது. அறிவியல் புனைவை ஜோசியமாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் பென்சிலை எடுத்துக்கொண்டு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கோடு போடுவார்கள். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி, வயதானால் அரசாங்கமே குறித்துக் கொடுக்கும் சாவு என்று மூன்று நான்கு சட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு சுஜாதா ஒரு தேசத்தைக் கட்டிவிடுகிறார். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று அந்தப் பெயர்களைச் சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனிதர்கள் எவ்வளவு சுருக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல அவர் தனியாக ஒரு பத்தி எழுதவேண்டி வரவில்லை.

பிள்ளை பெற அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் தொடங்குகிறாள் நிலா. கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்பவன் ஒரு நாய்ப் பொம்மையோடு அவள் வீட்டில் குடியேறுகிறான். அந்தப் பொம்மைதான் ஜீனோ. மரியாதையாகப் பேசிக்கொண்டு, ஓரமாகப் படுத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தானாக யோசிக்க ஆரம்பிக்கிறது. எந்தப் பக்கத்தில் அது பொம்மையாக இருப்பதை நிறுத்தியது என்று திரும்பிப் போய்த் தேடினேன், பிடிபடவில்லை. வேலை அவ்வளவு நைசாக நடந்திருக்கிறது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கெடுத்த மனுஷர் சுஜாதா. இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு மிரட்சி இல்லை, பக்தியும் இல்லை. அதனால்தான் அவருடைய இயந்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது.

தேசத்தையே ஆளும் ஜீவா உண்மையில் யார் என்ற விஷயத்தை இங்கே போட்டு உடைக்கப் போவதில்லை. நாற்பது வருஷத்துக் கதைக்கும் முதல் வாசகன் ஒருவன் எங்காவது இருப்பான். ஆனால் க.நா.சு. மொழிபெயர்த்த ஆர்வெல்லின் '1984'ஐயும் கூடவே வைத்துப் படித்தால் ஒரு விஷயம் துலங்கும். ஆர்வெல்லின் சர்வாதிகாரத்தில் மூச்சு முட்டும். சுஜாதாவின் சர்வாதிகாரத்தில் மக்கள் குஷியாகக் கைதட்டுகிறார்கள். தலைவரைத் திரையில் பார்த்தே பழகிய தமிழ்நாட்டுக்கு இரண்டாவதுதான் நெருக்கம். 'மீண்டும் ஜீனோ' முதல் நாவலின் அளவுக்குத் தேறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடர்கதையின் வாரக் கெடு பல இடங்களில் தெரிகிறது. ஜீனோ மாட்டிக்கொள்கிறது, தப்பிக்கிறது, மறுபடி மாட்டிக்கொள்கிறது. புத்தகம் படிக்கும் ஜீனோ மட்டும் அலுக்கவே இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு பெரிய கற்பனை ஊற்று இருக்கிறது. பழனி. ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் போகர் செய்த சிலை என்பது மலையேறுகிற ஒவ்வொருவர் வாயிலும் வரும் பேச்சு. போகர் பெயரில் வழங்கும் 'ஏழாயிரம்' நூலைத் தூக்கிக்கொண்டு, அவர் சீன தேசம் போனதையும் ஆகாயத்தில் சஞ்சரித்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொல்லும் பெரியவர்களை அடிவாரத்து டீக்கடைகளில் பார்க்கலாம். விஷத்தை மருந்தாக்கும் ரசாயனம், உடம்பைக் காலத்திடமிருந்து ஒளித்துவைக்கும் காயகல்பம் என்று மூலச்சரக்கு அத்தனையும் இங்கே கொட்டிக் கிடக்கிறது. இதை வைத்து வந்திருக்க வேண்டிய மகத்தான தமிழ் நாவல் இன்னும் வரவில்லை என்பது என் ஆதங்கம்.

அந்தச் சரக்கை வெகுஜன வாசகரிடம் கொண்டுபோனவர் இந்திரா சௌந்தர்ராஜன். 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரின் முதல் கதையில் வரும் சித்தர்பட்டியையும் அங்கிருந்த நவபாஷாண லிங்கத்தையும் 90களில் தமிழ்நாடே இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தது. நாகாவின் இயக்கத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. எழுத்தில் படிக்கும்போது அவருடைய பலவீனம் கண்ணில் படுகிறது. சாமிதான் செய்தது என்று நம்புகிறவருக்கு ஒரு வாசல், மனுஷன் வேலைதான் என்கிறவருக்கு இன்னொரு வாசல் என்று இரண்டையும் திறந்தே வைத்திருப்பார். வாராவாரம் வாசகரைப் பிடித்துவைக்க இது நல்ல உத்தி. நாவலாக முடியும்போது கதை எந்தப் பக்கமும் நடக்காமல் வாசலிலேயே நிற்கிறது. ஆனாலும் பூட்டிய கோயிலுக்கு முன்னால் நிற்கும் பயத்தை அவர்போல எழுதியவர் குறைவு.

சித்த மருத்துவத்தை அறிவியல் புனைவுக்கான விதைநெல்லாக எடுத்து விதைத்தவர் ஜெயமோகன். 'விசும்பு' தொகுப்பைப் படியுங்கள். மேலைநாட்டு விண்கலங்களைத் தமிழில் பெயர்த்து நட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை என்பது அந்தக் கதைகளில் தெரியும். ஆனால் அவை சிறுகதைகள். நாவலென்றால் 'விஷ்ணுபுரம்'. 1997இல் வந்த அந்தப் புத்தகத்தை ஆன்மிகம், தத்துவம், வரலாறு என்று என்னென்னவோ பெயரில் அலமாரியில் வைக்கிறார்கள். என் கணக்கில் அது தமிழின் ஆகப் பெரிய மிகைப்புனைவு. பிரம்மாண்டமான ஒரு கோயில், அதைச் சுற்றி ஒரு நகரம், சிவந்து ஓடும் சோனா நதி, கருவறையில் படுத்திருக்கும் மாபெரும் உருவம். அது விஷ்ணுவா, காட்டு மக்களின் மூப்பனா என்ற சண்டை வேறு.

அந்த நாவலில் நான் சொக்கிப்போன இடம் அதன் கட்டுமானம். இரண்டாம் பகுதியான 'கௌஸ்துபம்' காலத்தால் முதல் பகுதிக்கு முந்தியது. முதல் பகுதியில் புராணமாகவும் சடங்காகவும் கல்லாகவும் ஆகிவிட்ட ஆட்கள், புரட்டிக்கொண்டே போனால், இரண்டாம் பகுதியில் வியர்த்துக்கொண்டு, சந்தேகப்பட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள். ஒரு மனிதன் தெய்வமாகும்போது அவனைப் பற்றிய எந்தெந்த உண்மைகள் உதிர்ந்துபோகின்றன என்பதை வாசகன் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். காலயந்திரம் எதுவும் இல்லாமலே நடக்கும் காலப்பயணம் இது. தத்துவ விவாதங்கள் நீளம்தான். தர்க்கத்தில் ருசி இல்லாதவர்கள் நடுவில் புத்தகத்தை மூடிவைத்தால் நான் குறை சொல்லமாட்டேன். மூன்றாம் பகுதி வெள்ளத்தைப் பார்க்காமல் மூடினால் மட்டும் வருத்தப்படுவேன்.

இத்தனையிலும் என் மனசுக்கு மிக நெருக்கமான புத்தகம் இரா.முருகனின் 'அரசூர் வம்சம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காலத்து அரசூர். சொச்சம் இருக்கும் கௌரவத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் ஒரு ராஜா, பக்கத்திலேயே புகையிலை விற்றுப் பணம் பார்த்த பிராமணக் குடும்பம். புகையிலையும் சுருட்டும் எங்கள் ஊரின் பழைய தொழில். ஸ்பென்சர் கம்பெனிக்கே இங்கே சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. அதனால் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு வாசனை பிடிபட்டுவிட்டது. அந்த வாசனைக்கு நடுவில் செத்துப்போனவர்கள் சர்வ சாதாரணமாக நடமாடுகிறார்கள். என்றைக்கோ இறந்த ஒரு பெண்ணோடு வீட்டுப் பையன் சாமிநாதன் குடித்தனமே நடத்துகிறான். ராஜாவின் முன்னோர்கள் கூப்பிடாமலே வந்து யோசனை சொல்கிறார்கள்.

பனியன் சகோதரர்களுக்கு இந்த நாவலில் ஈடே இல்லை. எதிர்காலத்திலிருந்து மோட்டார் வண்டியில் வந்து இறங்கும் இரண்டு பேர். காலத்தைத் தாண்டும் வித்தை கையில் இருந்தும் அவர்கள் உலகத்தைத் திருத்தவோ சரித்திரத்தை மாற்றவோ கிளம்பவில்லை. ராஜாவிடம் எதையாவது தள்ளிவிட்டுக் காசு பார்க்க வருகிறார்கள். காலயந்திரம் நிஜமாகவே ஒரு தமிழ் ஊருக்கு வந்தால் முதலில் ஏறப்போவது இப்படிப்பட்ட ஆட்கள்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. முருகன் எதையும் விளக்குவதில்லை. வண்டி எப்படி வந்தது, ஆவிக்கு உடம்பு எப்படி என்றெல்லாம் கேட்கவிடாமல் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த ஆவிகளுக்கென்று நாகரிகம் இருக்கிறது, கூச்சம் இருக்கிறது, கோபம் வரும் இடம் இருக்கிறது. நான் சொன்ன சட்டம் அதுதான். தமிழில் மாய யதார்த்தம் என்று வந்தவற்றில் பாதி, லத்தீன் அமெரிக்கச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டவை. இது இங்கேயே நெய்து, இங்கேயே வெளுத்த துணி. 'விஸ்வரூபம்', 'அச்சுதம் கேசவம்', 'வாழ்ந்து போதீரே' என்று அடுத்த மூன்று நாவல்களும் உண்டு. முதல் நாவல் தந்த சிரிப்பு அவற்றில் கொஞ்சம் குறைகிறது, விஸ்தாரம் கூடுகிறது.

வெளிநாட்டுச் சரக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்'. ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் ஹியூகோ விருது வாங்கியது. மூன்று சூரியன்களுக்கு நடுவே தள்ளாடும் ஒரு கிரகம். வெயில் தாங்காத காலம் வந்தால் அங்குள்ளவர்கள் உடம்பிலுள்ள நீரையெல்லாம் வடித்துவிட்டு, தோல்போல உலர்ந்து, சுருட்டி அடுக்கப்பட்டுக் கிடப்பார்கள். நல்ல காலம் வந்ததும் தண்ணீரில் போட்டால் எழுந்து நடப்பார்கள். வாரக்கணக்கில் குழாயைப் பார்த்துக்கொண்டு காலிக்குடத்தோடு உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நாவல் விண்வெளியில் ஆரம்பிக்கவில்லை. கலாசாரப் புரட்சியில், ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையேற்றி அடித்துக் கொல்லும் இடத்தில் ஆரம்பிக்கிறது. சொந்த நாட்டின் காயத்திலிருந்து நட்சத்திரத்துக்கு ஏணி போடுகிறார் லியூ. பாத்திரங்கள் அட்டையில் வெட்டியதுபோல இருப்பதை இதற்காக மன்னித்துவிடலாம்.

நம்மிடம் அந்த ஏணி போட ஆள் இல்லையா? இருக்கிறார்கள். 'அரூ' போன்ற இணைய இதழ்கள் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிகளில் புதியவர்கள் துணிச்சலாக எழுதியிருக்கிறார்கள். தமிழ்மகன் 'ஆபரேஷன் நோவா'வை விகடனிலேயே தொடராக எழுதினார். குறை பதிப்பிலும் விமர்சனத்திலும் இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ் ஒரு தலைமுறைக்கே இந்த ருசியைப் பழக்கிவிட்டது. அந்தப் பையன்கள் பெரியவர்களானபோது அவர்களுக்கு அடுத்த படியில் வைக்கப் போதுமான புத்தகம் இல்லை. இருந்த சிலவற்றையும் விமர்சகர்கள் எடுத்துப் பேசவில்லை.

அடுத்த திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரங்கில் நின்று "அறிவியல் புனைவு எங்கே இருக்கு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிறுவர் நூல் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கே ஜெயமோகனின் 'பனிமனிதன்' கிடைத்தால் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து 'அரசூர் வம்சம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த வருஷம் தனி அலமாரியே வைத்துவிடுவார்கள்.